மெல்லப் பேசு, அப்பா தூங்குறாரு

இந்த ஊரில் ஒரு வீட்டுக்குப் போகிறவர்கள் பகலில் கதவைத் தட்டக்கூடாது. வாசல் கம்பில் தொப்பி தொங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தொங்கினால் உள்ளே ராத்திரி ஷிப்டு முடித்துவந்த ஆள் தூங்குகிறார் என்று பொருள். வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிக்கொண்டு, சுவரை ஒட்டிப் பின்பக்கம் வந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் வீட்டுக்காரி இருப்பாள். சொல்ல வேண்டியதைக் காதோடு சொல்லிவிட்டுப் போகலாம். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த என் சின்னம்மா மகள் முதல் நாள் காலையில் இதையெல்லாம் பார்த்துவிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கலவரத்தோடு கேட்டாள். யாருக்கும் ஒன்றுமில்லை, இங்கே எல்லாக் காலையும் இப்படித்தான் விடியும் என்றேன். அவள் நம்பவில்லை. போகும்வரை வீட்டில் யாரோ நோயாளி ஒளிந்திருப்பதைப் போலவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஊருக்குத் திரும்பியதும், என் மகள் கிருபை ஊமையாகிவிட்டாள் என்று சொல்லியிருக்கிறாள். அதற்குப் பின்னாலேயே இங்கிருந்து ஊருக்குப் போன நம் சபைக்காரர் ஒருவர், அந்தப் பெண் ஊமையுமில்லை ஒன்றுமில்லை, மணல்மேட்டில் நின்றுகொண்டு எருமைக்காரி மாதிரிக் கன்னடத்தில் கத்துகிறாள், கேட்கிறவன் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொன்னாராம். எது உண்மை என்று ஆள்மேல் ஆளாகக் கேட்டனுப்புகிறீர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஆகவே நம் பத்திரிகைக்கு நானே எழுதிவிடுகிறேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோலாருக்கு ரயிலேறத் துணி மூட்டை கட்டிக்கொண்டிருக்கிற பெண்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் இது உதவட்டும்.

நாங்கள் இருப்பது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தின் பக்கத்தில் ஒரு லைன். லைன் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறை அறையாய்த் தடுத்த வீடுகள். தடுப்பு, மூங்கில் தட்டியின் மேல் பூசிய மண். ஒரு வீட்டில் பிள்ளை தும்மினால் நாலு வீடு தள்ளி "நூறு வயசு" என்று வாழ்த்துவார்கள். சங்கு ஊதினால் ஒரு கூட்டம் ஷாப்டு என்கிற சுரங்கக் குழிக்குப் போகும், இன்னொரு கூட்டம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வரும். எந்த நேரத்திலும் லைனில் பாதி ஆண்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. தங்கக்கல்லை இடிக்கிற ஸ்டாம்ப் மில் இரவும் பகலும் இடித்துக்கொண்டே இருக்கிறது. பானையில் இருக்கும் தண்ணீர்கூட அதிரும். அந்த இடியில் அவர்கள் சுகமாகத் தூங்குவார்கள். ஒரு குழந்தை சிணுங்கினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். கம்பெனியின் சத்தம் அவர்களை எழுப்பாது, பெற்ற பிள்ளையின் சத்தம் எழுப்பிவிடும். மனிதனை அப்படிப் படைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

ஊரைப் பற்றிப் பெருமூச்சு விடுகிற ஆள் நானில்லை. ஊரில் பிள்ளைகளுக்குப் பேச வாய் இருந்தது, அதில் போடச் சோறு இல்லை. மழை பொய்த்த அந்த வருஷம் என் முதல் பிள்ளையை அங்கேதான் மண்ணில் வைத்தேன். அவன் பேசுவான். பத்து மாதத்திலேயே "த்தா, த்தா" என்று எதைப் பார்த்தாலும் கை நீட்டுவான். கொடுப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் என் வீட்டுக்காரர் ஏசடியான், பூமிக்குள்ளே இறங்கினால் மூன்று வேளை அடுப்பு எரியுமாம் என்று கேள்விப்பட்டு இங்கே வந்தார். எரிந்தது, அதை மறைக்கக்கூடாது. கிருபை இங்கே பிறந்தாள். அரிசிக் கஞ்சியும் எருமைப் பாலும் குடித்து, அண்ணனுக்கு இல்லாத கன்னக்கதுப்போடு வளர்ந்தாள். பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் வயிறு நிறைவதுதான் என்று நான் நினைத்திருந்தேன். பசியைப் பார்த்தவளுக்கு வேறு என்ன தோன்றும்?

எங்கள் லைனில் மூத்தவள் முனியம்மா. எல்லாரும் அவளை அக்கா என்போம். நாங்கள் வருவதற்கு முன்பு அவள் கைப்பிள்ளை ஜுரத்தில் ஒரு பகல் முழுக்கக் கத்தியிருக்கிறது. அவள் புருஷன் கண்ணை மூடவில்லை. அன்று ராத்திரி இறங்கினவர், பலகைமேல் நின்று வேலை செய்துகொண்டிருக்கும்போது கால் தவறிக் கீழே போய்விட்டார். தூக்கக் கலக்கம் என்றார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அவள் முகத்துக்கு நேராக யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஒரு விதவைக்கு இருக்கும் வேலைகளோடு இன்னொரு வேலையையும் சேர்த்துக்கொண்டாள். எந்த வீட்டில் பிள்ளை அழுதாலும் வந்து நிற்பாள். திட்டமாட்டாள். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நிற்பாள். அந்த விரலைப் பார்த்ததும் எந்தத் தாயும் பிள்ளையின் வாயைப் பொத்திவிடுவாள்.

தொப்பி மாட்டும் வழக்கமும் அப்போதுதான் வந்தது என்பார்கள். இங்கே ஆண்கள் தொப்பியின் முன்பக்கம் களிமண்ணை உருட்டி ஒட்டி, அதில் மெழுகுவர்த்தியைச் செருகிக்கொண்டுதான் கீழே இறங்குவார்கள். மேலே வந்ததும் அந்தத் தொப்பியை வாசல் கம்பில் மாட்டுவார்கள். தொப்பி வெளியே இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார், தூங்குகிறார். நடக்கத் தெரிவதற்கு முன்பே எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தொப்பியைத் தெரியும். சில வீடுகளில் கடுகளவு அபினைப் பாலில் உரைத்துக் கொடுத்துவிடுவார்கள். நான் கொடுத்ததில்லை. என் விரலே போதுமாயிருந்தது. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் உதட்டில் விரலை வைப்பேன். "மெல்ல, அப்பா தூங்குறாரு" என்று காதோடு சொல்வேன். அவளுக்குத் தாலாட்டு, கதை, கொஞ்சல் எல்லாமே அதுதான். அவளோடு நான் பேசியதெல்லாம் மூச்சுக்காற்றில்தான்.

ஒரு வயதில் அவள் பேசவில்லை. பெண்பிள்ளை, தாமதமாகட்டும் என்றேன். இரண்டு வயதிலும் பேசவில்லை. சபையில் உபதேசியார், பிரசங்கம் முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிற அவளைக் காட்டி, பிள்ளைகள் இப்படி அடக்கமாக வளர வேண்டும் என்று எல்லாத் தாய்மார்களுக்கும் சொன்னார். நானும் பூரித்துப்போனேன். மிஷன் பள்ளியில் படித்தவளல்லவா, சாம்பலைப் பரப்பி அதில் எழுத்துப் போட்டுக் காட்டுவேன். அவளும் விரலால் அதன்மேல் இழுப்பாள். கை நன்றாக வந்தது. ஒரு நாள் அவள் தானாகவே "அ" போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். என்ன எழுத்து சொல்லு என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன். அவளும் உதட்டை மட்டும் அசைத்தாள். அந்த எழுத்துக்கு ஓர் ஓசை உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

அதற்குச் சில நாள் கழித்து அவள் கொதிக்கும் கஞ்சியைக் கையில் கொட்டிக்கொண்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் வாய் முழுக்கத் திறந்திருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, தொண்டை நரம்பு புடைத்திருந்தது. சத்தமே இல்லை. என் மகள் சத்தமில்லாமல் அழக் கற்றுக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு லைனுக்கு வெளியே ஓடி, "கத்துடி, கத்து" என்றேன். நானும் அதை மெதுவாகத்தான் சொன்னேன். சத்தமாகச் சொல்ல எனக்கும் வரவில்லை.

அன்று சாயங்காலம் அவர் எழுந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அவள் கையைத் திருப்பி வெந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, பகல் ஷிப்டு கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அது சுலபமில்லை. அவர் அப்போது டிரில் மிஷினில் இருந்தார். காற்றின் வேகத்தில் பாறையைத் துளைக்கிற மிஷின் அது, பிடித்துக்கொண்டு நிற்கிறவனின் எலும்பையே உலுக்கும். அதில் பழகின ஆளை ராத்திரியிலிருந்து மாற்றமாட்டார்கள். ஆனாலும் சுரங்கத்தை மேற்பார்க்கிற வெள்ளைக்காரர், கேப்டன் துரையிடம் போய், தனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, "மை சைல்டு நோ டாக், சார். டே ஷிப்டு, சார்" என்று சொல்லியிருக்கிறார். துரை நல்ல மனிதர். முதுகில் தட்டிக்கொடுத்து, டிஸ்பென்சரிக்குத் தானே ஆள் அனுப்பி, ஒரு சீசா மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீசாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து நின்ற கோலம் எனக்கு மறக்காது. கசப்பு மருந்து. வீணாக்கக்கூடாதே என்று அதையும் கொடுத்தோம். கிருபை முகத்தைச் சுளித்துக்கொண்டு, சத்தமில்லாமல் குடித்தாள்.

எங்கள் லைனுக்குப் பால் ஊற்றுகிறவள் நஞ்சம்மா. பக்கத்து ஊர்க்காரி, கன்னடத்துக்காரி. அவளுக்கு மெல்லப் பேசவே தெரியாது. எருமையோடு பேசிக்கொண்டே வருவாள், கறந்துகொண்டே பேசுவாள், யாரும் பதில் சொல்லாவிட்டாலும் பேசுவாள். அவள் தலை தெரிந்ததும் நாங்கள் வாயைப் பொத்திக்காட்டிக்கொண்டு ஓடுவோம். பித்துப் பிடித்தவள் என்று எங்களுக்குள் கேலி பேசிக்கொள்வோம். எங்கள் பாத்திரத்தில் படாமல் உயரத்திலிருந்து பாலை ஊற்றுவாள். அது எங்களுக்குப் பழக்கம்தான், எந்த ஊருக்குப் போனாலும் அந்த உயரம் கூடவே வரும். ஒரு நாள் அவள் கிருபையைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டாள். கையால் தன் பக்கம் அழைத்துக் காட்டினாள். பிள்ளையைத் தனக்குக் கொடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. பால் வேண்டாம் என்று செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அதையும் சத்தமில்லாமல்தான் சாத்தினேன். கோபத்தைக்கூட இந்த லைனில் முழுசாகக் காட்ட முடியாது.

நாலைந்து நாள் பால் வாங்கவில்லை. முனியம்மா அக்கா வந்து பின்பக்கம் உட்கார்ந்தாள். எங்களில் அவளுக்குத்தான் கன்னடம் தெரியும். என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "உம் பொண்ண ஒன்னும் அவ கேக்கலமே. கன்னுக்குட்டியக் கட்டிப் போட்டுக்கினு கீறியே, பகல்ல எங்கூட மேய்ச்சலுக்கு அவுத்து உடுன்னு சொல்றா" என்றாள்.  அவ்வளவு தூரம் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று முனகினேன். அவள் எழுந்திருக்கவில்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அனுப்புமே. எம் புருசன் தூங்காம செத்தாரு. அதுக்கு உம் பொண்ணு பேசாம கெடக்கணுமா?" என்றாள்.

லைன் முழுவதையும் அடக்கிவைத்த அக்கா அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் சத்தமில்லாமல்தான் அழுதேன். மறுநாள் கிருபையை நஞ்சம்மாவின் பின்னால் அனுப்பினேன். அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். மில்லிலிருந்து வருகிற சாம்பல் நிற மணலைக் கொட்டிக் கொட்டி இங்கே ஒரு குன்றே எழும்பியிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம்தான் மேய்ச்சல். அங்கே கத்தினால் லைனுக்குக் கேட்காது. வீட்டு வேலை ஓயும் நேரங்களில் நான் மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். நஞ்சம்மாவின் குரல் மட்டும் கேட்கும். எருமையிடமும், கல்லிடமும், வெயிலிடமும், என் மகளிடமும் ஒரே மாதிரிப் பேசிக்கொண்டிருப்பாள்.

மழைக்காலம் வந்து போன பிறகு ஒரு நாள், அப்படி நிற்கும்போது வேறொரு குரல் கேட்டது. "ஏய் கரியம்மா, இல்லி பாரே!" என்று யாரோ ஒரு பிள்ளை எருமையை அதட்டுகிறது. இங்கே வாடி என்று அர்த்தம். கணீரென்று, கொஞ்சம் கட்டைத்தொண்டையில், அதிகாரமாக. நஞ்சம்மா வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது, என்ன வாய் என்று நினைத்துக்கொண்டு மேட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். கையில் குச்சியோடு நின்றது கிருபை. என் மகளின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அதற்குமுன் நான் அதைக் கேட்டதில்லையே. பிள்ளையின் முதல் சொல்லைக் கேட்கிற தாய்க்கு என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் அது வந்தது. ஆனால் அதோடு ஒரு வலியும் சேர்ந்து வந்தது. அந்தச் சொல் எனக்குரியதில்லை, என் பாஷையிலும் இல்லை, அது எருமைக்குச் சொன்னது.

அதற்கப்புறம் அவள் மடமடவென்று தேறினாள். நஞ்சம்மா அவளைத் தன் பிள்ளைகளோடு சேர்த்தே வைத்துக்கொண்டாள். கதை சொன்னாள், கல்லை அடுக்கி எண்ணச் சொன்னாள், சண்டை போட்டால் போடட்டும் என்று விட்டாள். மத்தியானம் கேழ்வரகு உருண்டையை எட்ட நின்று இலையில் போடுவாள். தாகமெடுத்தால் அவள் வீட்டு வாசல் வரை போகலாம். வாசலைத் தாண்டக்கூடாது. அதை ஒரு நாள் நானே பார்த்தேன். உள்ளே பிள்ளைகள் ஓடுகின்றன, கிருபை வாசற்படிக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவர்களோடு உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் அதைக் குறையாக நினைத்ததாகத் தெரியவில்லை. ஒரு வீட்டில் உள்ளே வரலாம், சத்தம் போடக்கூடாது. இன்னொரு வீட்டில் சத்தம் போடலாம், உள்ளே வரக்கூடாது. உலகத்தில் வீடுகள் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள் போலிருக்கிறது.

வாய் திறந்துகொண்டதும் தமிழும் வந்தது. ஆனால் எப்படி வந்தது தெரியுமா? மூச்சாக வந்தது. எங்கள் பேச்சை அவள் அப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறாள். காதோடு வாயை வைத்து, உதட்டை அதிகம் திறக்காமல், "அம்மா, பசிக்குது" என்பாள். தமிழ் என்பது மெல்லப் பேசுகிற பாஷை, கன்னடம் கத்திப் பேசுகிற பாஷை என்று தானாக ஒரு பாகப்பிரிவினை செய்துகொண்டுவிட்டாள். மணல்மேட்டில் அவளோடு நான் தமிழில் பேசினால் அங்கேயும் குரல் இறங்கிவிடும். சின்னம்மா மகள் கேட்ட ஊமையும், சபைக்காரர் கேட்ட எருமைக்காரியும் ஒரே பிள்ளைதான்.

என் வீட்டுக்காரருக்கு அவள் குரலைக் கேட்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அவர் தூங்கும்போது அவள் வெளியே இருக்கிறாள், அவள் தூங்கும்போது அவர் பூமிக்குள்ளே இருக்கிறார். இடையில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் தொப்பி வாசலில் தொங்கும், அவள் வாய் மூடிவிடும். ஒரு நாள், தூங்காமல் மணல்மேட்டுக்குப் போகிறேன் என்றார். நான் முனியம்மா அக்காவின் வீட்டைக் கண்ணால் காட்டினேன். "ஒரு நாள் தூங்கலன்னா செத்துட மாட்டன், போமே" என்று சொல்லிவிட்டுப் போனார். போய்ப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கேட்டிருக்கிறது. பிறகு ஆசை தாங்காமல் எழுந்து, "கிருப" என்று கூப்பிட்டிருக்கிறார். அவரைப் பார்த்ததும் அவள் குச்சியைப் போட்டுவிட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, எருமைகளையும் மற்றப் பிள்ளைகளையும் பார்த்து "உஷ்" என்றாளாம். அப்பா வந்துவிட்டார், இனி எல்லாரும் அடங்க வேண்டும். அவர் திரும்பி வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். பாதிச் சிரிப்பில் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அன்று ஷிப்டு முடிந்து அவர் தொப்பி வாசலில் மாட்டப்படும்வரை நான் அடுப்பு மூட்டவில்லை.

அந்த நாட்களிலேயே அவர் பேச்சு உரத்துவிட்டிருந்தது. லைனில் எல்லாரும் முணுமுணுக்கும்போது இவர் மட்டும் சந்தையில் நிற்கிறவர் மாதிரிப் பேசுவார். பக்கத்து வீட்டுக்காரி தட்டியைத் தட்டுவாள். காதுக்குள்ளே ஒரு சில்வண்டு புகுந்துகொண்டது, போகமாட்டேன் என்கிறது என்று அவர் சொல்வார். நாங்கள் சிரித்தோம். வேப்பெண்ணெய் விட்டுப் பார்த்தேன். டிரில் மிஷினைப் பிடிக்கிறவர்களுக்கெல்லாம் அந்தச் சில்வண்டு உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு முறை வெடி வைத்துவிட்டு விலகச் சொல்லிக் கூவியது அவருக்குக் கேட்கவில்லை. கூட நின்றவன் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இந்தக் கட்டுரையை நான் வேறுவிதமாக எழுத வேண்டியிருந்திருக்கும். காது போன ஆளைக் கீழே இறக்க முடியாது என்று கேப்டன் துரை அவரை மேலே மரம் அறுக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே பகலில் மட்டும்தான் வேலை. அன்றைக்குக் கேட்டபோது கிடைக்காத பகல் ஷிப்டு இப்படி வந்து சேர்ந்தது.

யாரைக் குறை சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள். தூங்கவிடாமல் இருந்திருந்தால் அவர் இல்லை. தூங்கவிட்டதால் அவள் வாய் இப்படி. பட்டினி கிடந்த ஊரிலேயே இருந்திருந்தால் இருவருமே இல்லை. இதை நான் எத்தனையோ முறை முன்னும் பின்னுமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். பிள்ளையோடு வருகிற பெண்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: பிள்ளைக்குக் கஞ்சியைப் போலச் சத்தமும் வேண்டும். அதைத் தினமும் ஊட்ட ஓர் இடத்தைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நீங்களே கூடப் போங்கள், உங்கள் பாஷையிலேயே கத்துங்கள். இப்போது எங்கள் லைன் பெண்கள் முறை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளை மணல்மேட்டுக்கு அழைத்துப் போகிறோம். முனியம்மா அக்காதான் முன்னால் நடக்கிறாள். அவள் அங்கே போய்ப் பாடுகிற பாட்டைக் கேட்டால் நஞ்சம்மாவே காதைப் பொத்திக்கொள்கிறாள். அந்தப் பிள்ளைகள் தமிழில் கூச்சல் போடுகின்றன. கிருபைக்கு அது காலம் தாழ்ந்து வந்தது. அவளுக்கு இப்போது ஐந்து வயது, பழக்கம் படிந்துவிட்டது.

வீட்டில் தொப்பியை ஒளித்து வைத்துப் பார்த்தோம். கம்பு வெறுமையாக இருந்தாலும் அவரைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிடுகிறது. அவளைப் பொறுத்தவரை இப்போது அவரேதான் அந்தத் தொப்பி. மெல்லப் பேசினால் அவருக்குக் கேட்காது. அவள் கத்துவது கேட்கும், ஆனால் கத்துவது கன்னடம், அவருக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. சாயங்காலங்களில் அவர் வாசலில் உட்கார்ந்து, மேய்ச்சலிலிருந்து எருமைகள் திரும்பும் திசையில் தலையைச் சாய்த்துக்கொண்டிருப்பார். தூரத்தில் அவள் குரல் வரும். அவர் முகம் மலரும். "இன்னா சொல்றா?" என்று என்னைக் கேட்பார். எருமை வேலிக்குள்ளே போகிறதாம், திட்டுகிறாள் என்று அவர் காதில் உரக்கச் சொல்வேன். அதைக் கேட்டு, என்னவோ பெரிய செய்தி வந்த மாதிரித் தலையாட்டுவார்.

நேற்று சாயங்காலம் அவர் அப்படி உட்கார்ந்திருந்தார். கிருபை அன்று மேய்ச்சலுக்குப் போகவில்லை, என்னோடு வீட்டில்தான் இருந்தாள். கையில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்துக்கொண்டு அவர் பின்னால் போய் நின்றாள். உதடு அசைந்தது. அவர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி, மறுபடி உதட்டை அசைத்தாள். மறுபடியும். அப்புறம் என்னிடம் வந்து, என் தலையைக் கீழே இழுத்து, காதில் வாயை வைத்து, "நான் கூப்புட்டன்னு அப்பாகிட்ட சொல்லும்மா" என்றாள்.

நான் போய் அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, லைன் முழுக்கக் கேட்கும்படி, "உங்கள கூப்புடறா, உங்க பொண்ணு" என்று கத்தினேன். அவர் சடாரென்று நிமிர்ந்தார். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, மணல்மேட்டுப் பக்கம், எருமைகள் வருகிற வழியில் அவளைத் தேடினார். அவள் வெல்லத்தை நீட்டிக்கொண்டு அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.